அளவுக்கு நிற்கும் ஆள்

பெரிய மரத்தைப் படம் எடுப்பது எரிச்சல் பிடித்த வேலை. கிட்டே போனால் மரம் முழுசாகச் சிக்காது. எட்டப் போனால் சிக்கும், ஆனால் பெரிசாகத் தெரியாது. கீழக்குயில்குடி ஆலமரத்தை எட்ட நின்று எடுத்தால், பின்னால் கிடக்கும் சமணமலைக்கு முன் அது ஏதோ புதர் மாதிரிதான் விழும். அதன் பெரிசு புரிய வேண்டுமானால் அடியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். சின்னதாக, ஓரமாக, மரத்தைப் பார்த்து முடித்த பிறகு கண்ணில் படுகிற மாதிரி.

எனக்கு அந்த ஆள் என் மனைவி.

காளவாசலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் பாஸ்போர்ட் சைஸும்தான் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் கேமரா சும்மா இருக்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில் இரண்டு பேரும் பைக்கில் மரம் எடுக்கப் போய்விடுவோம். ட்ரைபாடை அவள் மடியில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொள்வாள். எத்தனையோ புளியும் இலுப்பையும் எடுத்திருக்கிறோம். ஆனாலும் திரும்பத் திரும்பப் போனது இந்த ஆலமரத்துக்குத்தான். தாமரைக் குளத்தின் கரையில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே ட்ரைபாடைத் தாழ்த்தி வைத்தால் கரண்டுக் கம்பி கிளைக்குப் பின்னால் போய்விடும், நிறுத்தியிருக்கிற வண்டிகள் கரைமேட்டுக்குப் பின்னால் போய்விடும், வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சில மார்கழிகள் ஆயின.

கிட்டத்தில் எடுக்க அவள் விட மாட்டாள். "என் மூஞ்சிய என்னத்துக்கு? மரத்த எடுங்க" என்பாள். எட்ட நிற்க மட்டும் சம்மதம். நான் கரையிலிருந்து கைக்குட்டையை ஆட்டி இடது, வலது காட்டுவேன். என் இடது அவளுக்கு வலது என்கிற கணக்கு எங்களுக்குக் கடைசிவரை ஒத்துவரவே இல்லை. நான் கத்துவேன், அவள் எதிர்ப்பக்கம் நகர்வாள், நான் இன்னும் கத்துவேன். கடைசியில் தூண் மாதிரி தடித்துத் தரையில் ஊன்றிய ஒரு விழுதில் கையை வைத்து நின்றுகொள்வாள். அதுதான் சரியான இடமாகவும் இருக்கும். திரும்பும்போது டீக்கடையில், "அங்கருந்து பாத்தா நீங்க இம்புட்டுத்தேன் இருக்கீங்க" என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டுவாள்.

போன வருஷம் ஆடியில் போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வீட்டுக்கு வரவில்லை. மாலை போட ஒரு முகம் தேவைப்பட்டது. ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் பெரிசு பண்ணி மாட்டினேன். போட்டோகிராபர் வீட்டில் இப்படியா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சங்கதி அவர்களுக்கு எங்கே தெரியும்? அடுத்து வந்த மார்கழியில் நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை.

இந்த மார்கழியில் அலங்காநல்லூரிலிருந்து அவள் தம்பி போன் பண்ணினான். தையில், ஜல்லிக்கட்டுக் கூட்டம் ஓய்ந்ததும், புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறானாம். ஹால் சுவரில் அந்த ஆலமரம் பெரிசாக வேண்டுமாம்.

"இருக்கறதுல நல்லதா ஒண்ணு போட்டுத் தாரேன் மாப்ள" என்றேன்.

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "அதுல அக்கா நிக்கிதுல்ல மச்சான். புது வீட்டு ஹால்ல தவறினவுக படம் கூடாதுன்றாக. புதுசா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அந்தப் படங்களில் அவள் கடுகளவு. சேலை நிறம் தெரிந்தாலே பெரிசு. ஆனால் இறந்தவர் படம் என்றால் அதற்கு மாலை உண்டு, விளக்கு உண்டு, தனி இடம் உண்டு. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன், தானாகச் சொல்லியிருக்க மாட்டான். இருந்தாலும் போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. கம்ப்யூட்டரில் அவளை அழித்துவிட்டுப் பழைய படத்தையே கொடுக்கலாம், கண் மூடித் திறக்கிற வேலை. கல்யாண ஆல்பங்களில் சண்டைக்காரச் சித்தப்பாக்களை அப்படி அழித்துக் கொடுத்திருக்கிறேன். இவளை அழிக்கக் கை வரவில்லை.

ட்ரைபாடைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். லேசாகப் பனி. குளத்தில் தாமரை இன்னும் விரியவில்லை. பழைய இடத்தில் கேமராவை வைத்து ஆளில்லாமல் எடுத்தேன். வெளிச்சம் பிரமாதம், மரம் புதர். அங்கே இங்கே நகர்த்தியும் தேறவில்லை. வாக்கிங் வந்த ஒருவரைக் கேட்டு விழுதுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்று, "போதுமாண்ணே?" என்றார். போதும் என்றேன். மரம் அதன் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் யாரோ ஒருவரை மச்சினன் எதற்கு ஹாலில் மாட்ட வேண்டும்? அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை.

டைமர் வைத்துவிட்டு நானே ஓடினேன். பாதி தூரத்திலேயே க்ளிக் ஆகிவிட்டது. படத்தில் ஒரு நரைத்தலை, நாய் துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாள். பிறகு, விட்டு விட்டுத் தானாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி கேமராவைச் செட் பண்ணிவிட்டு நிதானமாக நடந்து போனேன்.

விழுதில் கையை வைத்துத் திரும்பினேன். இவ்வளவு காலத்தில் அங்கே நின்று கரையைப் பார்த்ததே இல்லை. கேமராவும் ட்ரைபாடும் சுண்டுவிரல் நுனி அளவுதான் தெரிந்தன. அவள் சொன்னது சரிதான். இடது, வலது என்று கைக்குட்டை ஆட்ட அங்கே ஆள் இல்லை. சரியான இடத்தில்தான் நிற்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. அழுகை வந்தது. துடைக்கவில்லை, அவ்வளவு தூரத்தில் படத்தில் தெரியாது.

எல்லாவற்றையும் மச்சினனுக்கு அனுப்பினேன். நான் விழுதில் கை வைத்து நிற்கிற படத்தையே தேர்ந்தெடுத்தான். "நிக்கிறது யாரு மச்சான்?" என்று கேட்டான். நான்தான் என்றேன். "அப்பச் சரி, நீங்க நின்டா ஒண்ணுமில்ல" என்றான்.

தையில் பால் பொங்கியது. ஹாலில் படம் சுவரை அடைத்து நன்றாகத்தான் இருந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் அவள்தான் அந்தக் கடுகைக் கண்டுபிடித்தாள்.

"இதுல நிக்கிறது அண்ணந்தான?"

மச்சினன் ஆமாம் என்றான்.

"அப்ப இத எடுத்தது யாரு?"

அவன் என்னைப் பார்த்தான்.

"யாருமில்லத்தா" என்றேன்.