வெள்ளைத் தூணுக்குள் சென்ற கண்ணாடி இழை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கல்முனைக்கு வடக்கே மருதமுனைக் கடலோரத்தில் அமைந்த எங்கள் பள்ளிவாசலில் நிகழ்ந்ததொன்றைத் தெரிவிக்க விரும்புகின்றேன். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டுதான் முதன்முறையாகப் பெண்கள் மேல்மாடியில் இரவுத் தொழுகையில் கலந்துகொள்ளவிருந்தனர். என் மனைவியும் புதல்வியரும் அவர்களுள் அடங்குவர்.

வழமைபோல் நோன்புக்கு முன்னரே தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசி முடித்தோம். எனினும் மாடியைத் தாங்கும் நடுத்தூணில் மெல்லியதொரு வெடிப்பு மீண்டும் தலைகாட்டியது. என் மனம் அமைதியுறவில்லை. வெளிநாட்டில் ஆய்வு செய்துவந்த அயலூர்ப் பாண்டிருப்புத் தமிழரான பொறியியலாளர் ஒருவர் அப்போது விடுமுறையில் வந்திருந்தார். தமிழர், முஸ்லிம்கள் என இரு சமூகத்தாரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் செல்லத் தயங்கிய காலம் அது. ஆயினும் நான் அழைத்தவுடன் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

பையிலிருந்து அவர் எடுத்தது தலைமயிரினும் சற்றே தடித்த கண்ணாடி இழை. அதன் நுனியில் ஒரு சாயம். சீமெந்தின் காரம் குன்றாதிருந்தால் அது நீலமாகவும், குன்றியிருந்தால் மஞ்சளாகவும் தெரியும். காரம் குன்றினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும் என்றார். இழை வழியே ஒளி உள்ளே சென்று அந்நிறத்தை வெளியே கொண்டுவருமாம்!

எங்கள் ஊர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார் சிரித்தார்.

"எங்கட ஊருத் தறிக்கு நூல் காணாதெண்டு நீங்களும் நூலோட வந்திரிக்கீங்களா தம்பி?"

பொறியியலாளரும் சிரித்தவாறே ஓரத்தூணில் சிறு துளையிட்டு, ஈரமாக்கி, இழையைச் செலுத்தினார். நீலம். நடுத்தூணிலோ மஞ்சள். அவருடைய சிரிப்பு நின்றது.

"ஹாஜியார், பொம்பிளையள மேல ஏத்த வேணாம். இந்தத் தூண உடைச்சுப் பாக்க வேணும்."

"பால் மாதிரி வெள்ளயா இரிக்கிற தூண, ஒரு மஞ்ச வெளிச்சத்துக்காக ஒடைக்கச் சொல்றீங்களா?"

"உள்ளங்கை அளவு கொத்திப் பாருங்க. நான் சொன்னது பிழையெண்டா நானே சாந்து குழைச்சுப் பூசித் தாறன்."

கொத்தினார்கள். கம்பி இருந்த இடத்திலிருந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஹாஜியார் அதனைக் கையில் ஏந்தி நின்றார்.

"இவ்வளவு காலமும் துருவுக்குத்தானே வெள்ளயடிச்சிரிக்கம்! தம்பி, போயிராதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு, மத்தத் தூணுகளையும் ஒருக்காப் பாருங்க."

அந்நோன்பு முழுவதும் ஊரே பள்ளிவாசல் முற்றத்துத் தென்னோலைக் கிடுகுப் பந்தலில், நடுவே திரையிட்டுத் தொழுதது. பின்னர் அத்தூண் புதிதாக வார்க்கப்பட்டது. இன்றும் சுண்ணாம்பு பூசுகையில், துருக்கறை வந்தால் தெரியட்டும் என்று ஒவ்வொரு தூணிலும் ஒரு சாண் இடத்தை வெறுமையாகவே விடுகின்றோம். அதனைக் கடக்கும்போதெல்லாம், என் வீட்டுப் பெண்களின் உயிரைத் தம் வீட்டார் உயிரெனக் கருதி வந்த அம்மனிதரை நினைத்துக்கொள்கின்றேன்.

இவ்வரலாற்றைத் தாங்கள் பேணி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.