வாய் திறக்காமல் ஓட்டுக் கேட்டேன்

பெருமாள் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். 2011 சட்டமன்றத் தேர்தலில் சீட்டுக் கிடைத்து, பிரசாரத்துக்குக் கிளம்பும் நேரத்தில் என் குரல் போய்விட்டது. தொண்டைக்கட்டு என்று நினைத்து மிளகுக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினேன். சிதம்பரத்தில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி. ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"புற்றா இல்லையான்னு ரிப்போர்ட் வந்தாதான் தெரியும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார்.

என் பிழைப்பே வாய்தான். 2004இல் நான் வெறும் வார்டு உறுப்பினர். 2006இல் ஊராட்சித் தலைவர். தண்ணீர் வராத தெருவில்கூட ஜோக் அடித்தே தப்பித்து வந்தவன். எங்கள் பக்கம் ஓட்டை வாயால் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வாசலில் நின்று, அத்தை, மாமா என்று முறை சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காத வீட்டில் ஓட்டு இல்லை.

"உங்க வாய் மூடணும்னு இருபது வருஷமா நான்தான் வேண்டிக்கிட்டேன்" என்று என் மனைவி சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள். 

அவள் தம்பி செல்வம் ஒரு யோசனை சொன்னான். "நோயாளின்னு தெரிஞ்சா எவன் மாமா ஓட்டுப் போடுவான்? தேவநாத சாமிக்கு மௌன விரதம்னு சொல்லிடுறேன்."

பயத்தில் தலையாட்டிவிட்டேன். மறுநாளே ஜீப்பில் மைக் பிடித்து அறிவித்தான். பெண்கள் ஆரத்தி எடுத்து என்னையே சாமியாகக் கும்பிட்டார்கள்.  என் உயிர் யார் கையில் இருக்கிறதோ, அவர் பேரிலேயே பொய்! இவ்வளவு அறிவோடு நான் சட்டமன்றத்துக்குப் போகப் பார்த்தேன்.

அன்று மாலையே தேவநாத சாமி கோயில் இருக்கும் திருவந்திபுரத்துக்கு ஓடினேன். நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் போடுவதுபோல, கோயில் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டேன். நடுக்கத்தில் ஜீப் சாவியையும் போடப் போனேன். செல்வம் கையைப் பிடித்துக்கொண்டான். கோயிலுக்கு எதிரே இருக்கும் மலையேறி, வாக்குக்குத் தெய்வமான ஹயக்ரீவப் பெருமாள் முன் நின்று மனசுக்குள் சொன்னேன். "சாமி, அந்தப் பொய்யை நிஜமாக்கிவிடுகிறேன். டாக்டரே அனுமதித்தாலும் ஓட்டுப்பதிவு முடியும்வரை பேச மாட்டேன். என் பிள்ளைகளுக்காக என்னை விட்டுவை."

அடுத்த நாள் எங்கள் ஊர் மீனவர் தெருவில் அஞ்சலை என்ற பெண் வழி மறித்தாள்.

"என்னா தலைவரே, தண்ணி கேட்டா ஜோக் சொல்லுவீங்களே, இப்ப சொல்லுங்க பாப்போம்! எம் பொண்ணு கொடத்தத் தூக்கிக்கினு உப்பங்கழி தாண்டிப் போறா. வழுக்கி வுழுந்து கை ஒடிஞ்சி கெடக்கா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தண்ணீர் என்றதுமே ஜோக் அடித்துவிடுவேன். அதற்கு மேல் அவள் சொன்னதை அன்றுதான் கேட்டேன். கை கூப்பி நின்றேன்.

பிரசாரத்தின் கடைசி நாள், கடைத்தெரு நடுவே வேனில் நிற்கும்போது டாக்டரிடமிருந்து போன். செல்வம் எடுத்தான். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"என்னா டாக்டர்? திரும்பச் சொல்லுங்க!"

அவன் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர். எதிர்ச் சுவரில் என் போஸ்டர். அதே போட்டோவைக் கண்ணீர் அஞ்சலிக்கும் வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சாதாக் கட்டியாம் மாமா! புத்து இல்லியாம்!"

கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். என் அழுகையை விரதத்தின் மகிமை என்று நினைத்துக் கூட்டம் கும்பிட்டது.

"பேசலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேசுங்க மாமா!" என்று செல்வம் மைக்கை நீட்டினான். நாக்கு அரித்தது, சத்தியமாக. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஓட்டுப்பதிவு முடிந்த மாலை, மனைவியோடு மலையேறினேன். நன்றி சொல்ல நீளமான உரையே தயாராக வைத்திருந்தேன். வாய் திறந்தால் "அப்பா" என்ற ஒரு சொல்தான் வந்தது, அதுவும் தவளைக் குரலில். அதற்கு மேல் அழுகை.

ஜெயித்தேன். 2012இல் அஞ்சலை தெருவுக்குக் குழாய் போனது. ஜோக்கை நான் விடவில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் சொல்லி முடித்த பிறகுதான் அடிக்கிறேன். விரதக் கதையின் உண்மையை இப்போது ஊரறியச் சொல்கிறேன். செல்வம்தான் முறைக்கிறான்.

ஏதோ ஒரு ரிப்போர்ட்டுக்காக நடுங்கிக்கொண்டு யாராவது இதைப் படித்தால், அந்த மலைக்கு ஒருமுறை வாருங்கள். வேண்டிக்கொள்ள வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. சும்மா நில்லுங்கள். அவருக்குக் கேட்கும்.