தட்டில் குறைந்த எலுமிச்சம்பழம்

பரமசிவத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத பேச்சு, "ஒன்னும் ஆகாது" என்பதுதான். கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. பாகலூர்ப் பக்கத்தில் ஒரு கிளைடர் சங்கம். எஞ்சின் இல்லாத அந்த விமானங்களின் உடம்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குட்டிக்கரணம் அடித்துவிட்டு இறங்கும் ஒவ்வொரு கிளைடரிலும் இறக்கை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். நகக்கீறல் அளவு விரிசல் தெரிந்தாலும் மறுபடி பறக்க விடமாட்டார். உடனே யாராவது ஒருத்தர் அந்தப் பேச்சை எடுப்பார். மறுத்து மறுத்தே மனிதர் ஓய்ந்துபோயிருந்தார்.

இரண்டாயிரத்து ஆறு, விஜயதசமி காலை. உள்ளூர் விவசாயி நாராயணப்பனின் மகன் சுரேந்தர் அன்றைக்கு முதல்முறையாக ஊரார் முன்னால் சுழல் காட்டப்போகிறான். உயரத்திலிருந்து பம்பரமாகச் சுற்றிக்கொண்டே விழுந்து, பாதியில் நிமிர்ந்து பறப்பதுதான் சுழல். நாராயணப்பன் இரண்டு டிராக்டர் நிறைய சனத்தைக் கூட்டி வந்திருந்தார். பையன் பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்தும்விட்டான்.

பரமசிவம் அப்போதுதான் முந்தின நாள் கிளைடருக்கு முன்னால் வைத்த ஆயுத பூஜைத் தட்டை எடுத்து வைக்கப் போனார். சக்கரங்களுக்கு அடியில் வைத்த இரண்டு பழமும் நசுங்கிக் கிடந்தன. தட்டில் வைத்த மூன்றாவதைக் காணவில்லை. வேலை முடிந்ததும் ஸ்பேனர் எதுவும் விமானத்துக்குள் தங்கிவிட்டதா என்று எண்ணுகிற புத்தி எலுமிச்சம்பழத்தையும் எண்ணிவிட்டது.

"எறங்குங்க தம்பி. ஒரு பழம் கொறையுது."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ணா. ஒன்னும் ஆகாது."

"எலியைக் கூட்டிட்டு வாங்க, கேட்டுக்கிடுதேன். இப்ப எறங்குங்க."

சுழலிலிருந்து மீள சுற்றுக்கு எதிர்ப்பக்கத்துப் பெடலைக் காலால் மிதித்து, கையிலுள்ள குச்சியை முன்னால் தள்ளியாக வேண்டும். குச்சியிலிருந்து வால்வரைக்கும் உள்ளுக்குள்ளே ஒரு கம்பி ஓடுகிறது. அதில் எலுமிச்சை அளவு எது சிக்கினாலும் குச்சி அசையாது. தரை வரும்வரை சுற்ற வேண்டியதுதான். இதை இத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருக்க அவருக்குத் தெம்பில்லை. சீட்டைக் கழற்றினார், மூடிகளைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வெயில் ஏற, கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. சங்கத்துச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

சுரேந்தரின் அம்மா வெங்கடம்மாள் மெல்ல அவர் பக்கத்தில் வந்தாள். முந்தானை வாயில் இருந்தது.

"அண்ணா, நாந்தான் எடுத்தேன். எம்பையனுக்குக் கண்ணு கிண்ணு பட்டுடக்கூடாதுன்னு, நேத்து பூஜை முடிஞ்சதும் சீட்டுக்குப் பின்னாடி வெச்சேன்."

பரமசிவம் டார்ச்சைக் கீழே வைத்தார். நாலு பேரைக் கூப்பிட்டு வாலைத் தூக்கி ஆட்டச் சொன்னார். உள்ளே ஏதோ இடித்தது. பிறகு உருண்டு வந்து அவர் கைக்குள் விழுந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. தோலில் மட்டும் கம்பி நசுக்கிய தடம்.

சுரேந்தர் அதைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"எவன் வெச்சது இத?"

வெங்கடம்மாள் வாயெடுக்குமுன் பரமசிவம் முந்திக்கொண்டார். "நாந்தான். பூஜை அவசரத்துல வெச்சு மறந்துட்டேன்."

"எங்களுக்கெல்லாம் எண்ணு எண்ணுன்னு பாடம் எடுத்தீங்களே, நீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். அவன் கோபம் நியாயமானது. அது நியாயம் என்பதுதான் பரமசிவத்துக்கு அதிகமாக வலித்தது. கம்பி முழுவதையும் பார்த்து முடிப்பதற்குள் காற்று எழும்பிவிட்டது. நிகழ்ச்சி ரத்தானது. டிராக்டர்கள் திரும்பின. செயலாளர் விளக்கக் கடிதம் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் விளக்கக் கடிதம். எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் மொபெட்டுக்குப் பக்கத்தில் வெங்கடம்மாள் காத்திருந்தாள்.

"நெசத்தச் சொல்லுங்கண்ணா. அது உள்ளயே இருந்திருந்தா எம்பையனுக்கு என்ன ஆயிருக்கும்?"

"இனிமே உள்ள எதையும் வெக்காதீங்கம்மா. கோயில்ல வெச்சிருங்க."

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

மொபெட்டை நகரவிடாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு ரொம்ப அசதியாக இருந்தது.

"ஒன்னும் ஆயிருக்காதும்மா," என்றார்.