தாய்லாந்து மருமகள் வீட்டுச் சாப்பாடு

திருக்கடையூர் போகிற வழியில் குத்தாலத்தில் இறங்கி, தங்கை வீட்டில் சாப்பிட உட்காருகிறேன். சமையல் அவளுடைய மருமகள் மாலி. தங்கை மகன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண். கொடி மாதிரி இருக்கிறாள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக எலுமிச்சைப் புல் மணக்கும் மீன் சாறு, இடித்த பப்பாளிக்காய், வெந்த கீரை. என் தட்டில் ஒரு கைப்பிடிச் சோறு.

அதை முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். வற்புறுத்தாமல் மறுசோறு வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. வேண்டாம் என்று தடுப்பதற்குக் கையைக்கூடத் தயாராக வைத்திருக்கிறேன். யாரும் போட வருவதாகத் தெரியவில்லை. பசியோ அடங்கவில்லை.

“ஏம்மா, உங்க ஊர்ல ‘இன்னும் கொஞ்சம்’னு யாரும் சொல்ல மாட்டாங்களா?”

“அவங்கவங்களே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்குவோம், பெரியம்மா. பசி தீந்தா நிறுத்திடுவோம். இங்க வந்த புதுசுல அத்தை போட்டுக்கிட்டே இருந்தாங்க. கல்யாண ரவிக்கை தையல் விட்டுருச்சு!”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாலி மெதுவாக மென்றுகொண்டிருக்கிறாள்.

“சரி சரி, இவ்வளவு வற்புறுத்துறீங்களேன்னுதான்,” என்று சொல்லிக்கொண்டே சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் இழுக்கிறேன்.