அவளுக்கு வந்தது சாமியில்லை

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில், மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சாமி வருவது எனக்குத்தான். வருஷம் பூராவும் என்னை வேலை ஏவும் மாமியார் அன்றைக்கு மட்டும் என் காலில் விழுந்து வாக்குக் கேட்பார். எனக்கென்று இருந்த மரியாதை அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் கொழுந்தன் பெண்டாட்டிக்கு. படித்தவள், டவுன்காரி, ஒற்றைத் தலைவலி வேறு. அவளுக்குத் தலை வலித்தால் வீட்டில் டிவி அணையும், நான் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் கழுவ வேண்டும். எனக்கு வலித்தால் தைலம் தேய்த்துக்கொள் என்பதோடு சரி.

போன நோம்பிக்குக் கோயில் வாசலில் கம்பம் நட்ட அன்று அவளுக்குத் தலைவலியோடு வாந்தி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் அது நின்றதும் சாயங்காலம் கோயிலுக்கு வந்துவிட்டாள். உடுக்கை அடிக்கும்போது அவள் கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே செருகியது. நாக்கு வெளியே வந்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்று மாமியார் விழுந்து கும்பிட்டார். யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். என்னிடம் ஒருநாளும் வாக்குக் கேட்காத என் புருஷன் அவள் முன்னால் கைகட்டி நின்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாளே பாவி!

நடிக்கிறாள் என்று ஊர் முன்னால் காட்டிவிட வேண்டுமென்றே கிட்டே போய் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பேச முடியாமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எனக்குச் சாமி வந்தால் எதிரே நிற்பது யாரென்றே தெரியாது. இவளுக்கு என்னைத் தெரிந்தது.

"இது சாமியில்லீங்க, வண்டிய எடுங்க" என்றேன்.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றார் மாமியார்.

"ஆமாங்கத்தை, வயித்தெரிச்சல்தானுங்க. மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். தலைவலியோடு வரும் வாந்திக்குக் கொடுப்பதுதான், அபூர்வமாகச் சிலருக்கு இப்படி இழுத்துவிடும் என்று மலையாளத்தில் சொல்லி ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது.

அவள் முதலில் என் கையைத்தான் பிடித்தாள். "எல்லாருஞ் சாமியப் பார்த்தாங்க. நீங்க ஒருத்தருதான் என்னையப் பார்த்தீங்கக்கா."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உன்ர கள்ளத்தனத்தக் கண்டுபுடிக்கத்தான் பார்த்தேன் கண்ணு" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை.