கணக்கில் வராத போன்கள்

நுஸ்ரத் அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைப் பார்ப்பார். கையில் இருக்கும் போனைப் பார்ப்பார். பதினைந்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும், இந்தப் பழக்கம் ஒரு நாளும் மாறியதில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சில் நெருக்கிக்கொண்டு நின்றாலும் சரி, பக்கத்தில் ஒருவர் போனை எடுத்ததும் கண் அங்கே போய்விடும். பின்பக்கத்தைப் பார்த்தே அது எந்த வருஷத்துப் போன், உள்ளே ஓடுவது எந்த ஆண்ட்ராய்டு, எத்தனை தடவை தண்ணீரில் விழுந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்.

அது அவர் அத்தா கடையில், அப்பா கடையில் வந்த பழக்கம். போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அப்துல் அஜீஸ் அத்தா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முன்னால் அத்தா ஆட்களிடம் பேசுவார், திரைக்குப் பின்னால் அக்கா போன்களைக் கழற்றிப் பூட்டுவார். அத்தாவுக்குக் கண் மங்கியதும் கடையை மூடினார்கள். அக்கா, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரர்களின் சங்க ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருஷம் ஆகிறது.

நான் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். பெயர் சந்திரவல்லி. ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஜீப்பில் நடு சீட்டில் உட்கார்ந்து வாய் திறக்காமல் போய் வருவேன். பேசாதவளுக்கு எல்லாம் கண்ணில் படும். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

தினமும் காலை ஐந்தரைக்கு ஜீப்புகள் கிளம்பும். முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டங்களில் எங்களை இறக்கிவிடும். முன்பெல்லாம் ஒரு ஜீப்பில் இருபது பேர் தொங்கிக்கொண்டு போவோம். ஒரு வண்டி கவிழ்ந்த பிறகு கெடுபிடி வந்தது. சீட்டுக்கு மேல் ஒரு ஆள் இருந்தாலும் முந்தலில் நிறுத்திவிடுவார்கள். அதனால் சீட்டை முந்தின நாளே பிடித்துவைக்க வேண்டும். அதற்காகச் சங்கம் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாளைக்கு எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள், எந்த ஜீப்பு என்று நுஸ்ரத் அக்கா அதில் ஏற்றுவார். நாங்கள் பார்த்துப் பெயரைப் பதிவோம். பெயர் இருந்தால் சீட்டு. சீட்டு இருந்தால் வேலை. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் படம் கிடையாது, கலர் கிடையாது. வெறும் எழுத்து. அதனால் எந்தப் போனிலும் திறக்கும். என் போன் ஒன்பது வருஷத்துப் பழசு. மூலையில் உடைந்தது, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். நாள் முழுக்க மழையும் ஏலச்செடியின் ஈரமும் மேலே கொட்டும் வேலைக்கு யாராவது புதுப் போன் கொண்டுபோவார்களா? அதிலும் பக்கம் திறந்தது.

போன ஆடி மாதம் சங்கத் தலைவர் ராஜாராம் அண்ணன் பக்கத்தைப் புதுசாக்க வேண்டும் என்றார். மதுரையிலிருந்து செழியன் என்பவரை வரவழைத்தார். நல்ல மனுசன்தான், மெதுவாகப் பேசுவார். பக்கத்துக்கு வருகிறவர்கள் எந்தப் போனில், எந்த பிரவுசரில் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு நிரலை அதில் சேர்த்தார். ஒரு மாதம் கழித்து வட்டமாக ஒரு படம் கொண்டுவந்தார். வட்டம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு பேர் புது ஆண்ட்ராய்டு, புது பிரவுசர். பழசெல்லாம் சேர்ந்து ஒரு நூல் அளவு.

அன்றைக்கு நான் ஆபீஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பு ஏறும் இடத்தை மாற்றச் சொல்ல வந்தேன், உள்ளே பேச்சு நடந்ததால் காத்திருந்தேன்.

"பாத்தியா நுஸ்ரத்து? நாலு பேருக்காக இந்த ஓட்டைப் பக்கத்தை வச்சு இழுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் ராஜாராம் அண்ணன். "புதுப் பக்கத்துல மேப்பு வரும், ஜீப்பு எங்க வருதுன்னு தெரியும். அடுத்த மாசம் பழசை மூடிரலாம்."

அக்கா வட்டத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, இந்தக் கணக்கு தப்பு" என்றார்.

"மெசினு எடுத்த கணக்கும்மா."

"மெசினுக்கு வந்தவங்கதான தெரியும். தம்பி, நீங்க சேத்தீங்களே ஒரு நிரல், அது பழைய போன்ல ஓடுமா?"

செழியன் யோசித்தார். "ரொம்பப் பழசுன்னா ஓடாதுக்கா."

"ஓடலேன்னா அந்தப் போனு வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம பக்கம் அதுல திறக்கும், உங்க நிரல் ஓடாது. ஆளு வந்துட்டுப் போயிருப்பா, கணக்குல இருக்க மாட்டா."

ராஜாராம் அண்ணன் சிரித்தார். "சரி, நீயே எண்ணிக் காட்டு. பத்து நாள் தர்றேன்."

இங்கேதான் நாங்கள் கெடுத்தோம்.

அக்கா டிரைவர்கள் மூலமாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை எல்லாரும் போனைக் கொண்டாங்க, ஆபீஸ்ல பாப்பாங்க." அவர் சொன்னது அவ்வளவுதான். ஜீப்புக்கு ஜீப்பு போகும்போது அது வளர்ந்தது. பழைய போன் வைத்திருந்தால் பெயரை எடுத்துவிடுவார்களாம் என்று ஆனது. எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். தோட்டத்துக்கு ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அன்று மட்டும் எல்லோர் காலிலும் நல்ல பூட்ஸ் இருக்கும். மறுநாள் கிழிந்த செருப்பு. பார்க்க வருகிறவர்களுக்கு நல்லதைக் காட்ட வேண்டும், அது பாதுகாப்பு.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு முன்னால் ஜீப்பு ஸ்டாண்டில் போன்கள் பளபளத்தன. மகன் போன், மருமகன் போன், கடைக்காரர் போன். குருவம்மாள் மதினி நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முறம் மாதிரி இரண்டு கையால் ஏந்திக்கொண்டு நின்றார். நானும் என் கொழுந்தன் போனை வாங்கிப் போயிருந்தேன். அக்கா கேட்டபோது நிமிராமல் நீட்டினேன்.

இருநூறு பேருக்கு மேல் எண்ணியதில் பழைய போன் ஐந்துதான். ராஜாராம் அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, டிரைவர்கள் முன்னால் சொன்னார்: "மெசினு கூட நூத்துக்கு நாலு பேரை விட்டு வச்சுச்சு. நம்ம நுஸ்ரத்து அதையும் சுருக்கிருச்சுப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனார். முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று முழுக்க காய் எடுக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தை மூடினால் என் போனில் சீட்டுப் பிடிக்க முடியாது. யாரிடமாவது கெஞ்ச வேண்டும். அதற்கு நானே வழி பண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சாயங்காலம் இறங்கியதும் நேராக ஆபீசுக்குப் போனேன். இடுப்பிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அக்கா, காலையில காட்டுனது என் போனு இல்ல. இதுதான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். கவரைப் பிரித்து, திருப்பி, உடைந்த மூலையில் விரலை வைத்தார்.

"இது நான் ஸ்கிரீன் மாத்திக் குடுத்த போனுல்ல? அத்தா கடையில?"

"ஆமாக்கா."

"அப்ப காலையிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன் கையில இது இல்லையேன்னு." பிறகு கேட்டார்: "எத்தனை பேரு இப்படி?"

நான் ஜீப்பு ஜீப்பாகச் சொன்னேன். யார் எதை எங்கே செருகியிருப்பார்கள், யார் யாருடைய போனில் பெயர் பதிவார்கள், எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கோபமாகச் சிரித்தார்.

"நான் முட்டாளு. இத்தனை வருசம் யாரையும் கேட்டா பாத்தேன்? கேட்டாத்தான் பொய் வரும். வல்லி, எல்லாரும் சொந்தப் போனை எடுக்கிற இடம் எது?"

"முந்தல்" என்றேன்.

முந்தலில் ஜீப்புகள் சோதனைக்கு வரிசையாக நிற்கும். அதற்கு மேல் வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் எல்லோரும் அங்கே கவரைப் பிரித்து வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள். அடுப்பை அணைத்தாயா, பிள்ளைக்குத் தலை சீவினாயா. மறுநாளிலிருந்து ஆறு நாள், விடியும்போது அக்கா சாவடிக்கு எதிரே டீக்கடை ஓரம் நின்றார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பார்த்தார், கோடு போட்டார். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர், "என்னம்மா, கடத்தலா கண்காணிக்கிறீங்க?" என்று கேட்டாராம். "ஆமாங்க, காணாமப்போன ஆளுகளைத் தேடுறேன்" என்றாராம் அக்கா.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். புதுப் போன் எழுபத்தொன்று. பழைய ஆண்ட்ராய்டு எண்பத்து மூன்று. பட்டன் போன் பத்தொன்பது. போனே இல்லாமல் அடுத்தவர் போனில் பெயர் பதிகிறவர்கள் முப்பத்தொன்பது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். அக்கா எங்களிடம் ஒன்றுதான் சொன்னார்: "இந்தத் தடவை உங்க போனைக் கொண்டாங்க." முப்பது பேர் போனோம். வாசலில் நின்றோம். உள்ளே நோட்டைப் பார்த்த ராஜாராம் அண்ணன் அதை மேசையில் போட்டார்.

"போன வாரம் அஞ்சு. இந்த வாரம் நூறு. இது என்ன, மழையில மொளைச்சுச்சா? நோட்டுல கோடு போட்டதெல்லாம் கணக்காகாது நுஸ்ரத்து. பழைய போனு வச்சிருந்தா மாத்தச் சொல்லு. காலம் மாறுதுல்ல?"

"அண்ணே, உங்க ஜீப்பு எந்த வருசத்து மாடலு?"

"அதெதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு."

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. காலம் மாறிப்போச்சு, அந்த வண்டி மலை ஏறக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா விடுவீங்களா? ஓடுதுல்லன்னு சண்டைக்கு வருவீங்கள்ல? அதே மாதிரிதான் இவங்க போனும். ஓடுது. ஓடுறதை நிறுத்தப் போறது நீங்க."

டிரைவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. இந்தத் தடவை அது அக்காவைப் பார்த்து இல்லை. ராஜாராம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ இங்க சம்பளத்துக்கு இருக்கிற ஆளு. மூடுன்னா மூடணும்."

"மூட மாட்டேன். வேணும்னா என்னை வெளிய அனுப்பிட்டு நீங்க மூடுங்க. அதை எங்க போயி மூடணும்னு நீங்களே தேடிக்கிட்டு இருங்க."

அப்போதுதான் வாசலில் குருவம்மாள் மதினி பால் பாக்கெட்டைப் பிரித்தார். தலைக்கு மேலே போனைத் தூக்கினார். பட்டன் போன், ரப்பர் பேண்டு சுற்றியது. "இந்தா, இதுதான் என் போனு. அன்னைக்குக் காட்டுனது மருமவனுது. எண்ணிக்க ராசா!"

நானும் தூக்கினேன். என் ஜீப்பில் வரும் சூர்யகலா தூக்கினாள். அனுப்பிரியா, அவள் அம்மா, தேவாரத்திலிருந்து வரும் ஆறு பேர். வெள்ளிக்கிழமை எதையெல்லாம் வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வந்தோமோ, அதெல்லாம் கையில் இருந்தது. யாரும் தலை குனியவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்த செழியன் எழுந்து வந்தார். "ஒரு தடவை பாத்துரலாம்ணே" என்று என் போனை வாங்கி, அவர் செய்துவைத்திருந்த புதுப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சூர்யகலா போனில், இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வந்தது. அனுப்பிரியா போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதினியின் போனை அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். பதினோரு போன் பார்த்தார்.

"இதுல எதுலயும் என் நிரல் ஓடாது, ஒண்ணு கூட என் கணக்குல இல்ல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சத்தமாகச் சொன்னார். "அக்கா நோட்டுதான் சரி."

ராஜாராம் அண்ணன் எழுந்து போய் ஜீப்பை எடுத்தார். அந்தத் தொண்ணூற்று மூன்று மாடல் முதல் தடவையில் ஸ்டார்ட் ஆகவில்லை. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மதினி மட்டும், "தள்ளிவிடணுமா அண்ணே?" என்று கேட்டார்.

இப்போது இரண்டு பக்கமும் இருக்கின்றன. புதுப் போன் வைத்திருப்பவர்கள் மேப்பு வரும் பக்கத்தில் பதிகிறார்கள், நாங்கள் பழையதில் பதிகிறோம். பழைய பக்கத்தை மூடக் கூடாது என்று சங்கம் தீர்மானம் ஒன்றும் போடவில்லை. மூடு என்று யாரும் சொல்லவும் இல்லை. ராஜாராம் அண்ணன் அக்காவோடு நேராகப் பேசுவதில்லை, டிரைவர்களிடம் சொல்லி அனுப்புகிறார். அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மணிக்கு ஏற்றுகிறார். மாதம் ஒரு தடவை முந்தலுக்குப் போய் நின்று எண்ணுகிறார். என் போனில் பக்கம் திறக்கிறது. நாளைக்கு நாலாவது ஜீப்பில், நடு சீட்டில் என் பெயர் இருக்கிறது.