சீசாவோடு பத்திரிகை வைத்த பாண்டுரங்கன்

திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் பாண்டுரங்கனுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மனைவி கிருஷ்ணவேணி, மகள் கலைப்பிரியா, கண் டாக்டர். நாலாவதாக ஒரு காதுக்குப் போனால் மகளின் கல்யாணமே நின்றுவிடும் என்று அவர் நம்பினார். "அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கு வராதா?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கண் டாக்டர் இந்தக் கதைக்குள் வந்ததற்குக் காரணம் வலது கண்ணில் விழுந்த புரை. இடது கண் எப்போதோ கம்பித் துணுக்கு தெறித்து மங்கிப்போனது. இரண்டு வருஷமாகச் செம்புக் கம்பியின் கனத்தை விரலால் தடவித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில்கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை. ஆவணி மாதம் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். தாலி ஏறும்போது மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். புகை மண்டிய ஓர் உருவத்துக்கு அட்சதை போட்டுவிட்டு வர அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆசை அவ்வளவுதான். பெற்றவனுக்கு இதுகூட இருக்கக் கூடாதா?

டாக்டர் ரத்தம் பார்த்த சீட்டைப் பார்த்தார். "முந்நூறு இருக்குது. இதை வெச்சிக்கினு நான் கண்ணுல கைவெக்க மாட்டேங்க. இருநூறுக்குள்ள கொண்டாங்க. மாத்திரை ஒழுங்கா போடுங்க, சோத்தைப் பாதியாக் குறைச்சுட்டு பச்சைக் காயா சாப்பிடுங்க." கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அன்று காலை ரத்தம் பார்ப்பார்கள். இருநூறைத் தாண்டியிருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பச்சைக் காய் என்றால் பாண்டுரங்கனுக்கு ஆகாது. வெள்ளரிக்காயைப் பார்த்தாலே, மாட்டுக்குத் தவிடு இல்லாத நாளில் வைப்பதைத் தனக்கு வைத்துவிட்டார்கள் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். சென்னையில் வேலை பார்க்கும் கலைப்பிரியா சாலட் டிரஸ்ஸிங் என்று ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். இளஞ்சிவப்பில் கொழகொழவென்று இருந்தது. காயை அதில் தொட்டுத் தின்றவர் அன்று இரவே மூன்று வெள்ளரிக்காயையும் ஒரு கேரட்டையும் காலி செய்தார். பத்து நாளில் பாட்டில் தீர்ந்தது. ரத்தம் பார்த்தால் முந்நூற்று நாற்பது.

கலைப்பிரியா பாட்டிலின் முதுகைத் திருப்பிப் படித்தாள். எண்ணெய்க்கு அடுத்த பெயரே சர்க்கரை.

"வெள்ளரிக்காய்க்குச் சக்கரை போட்டு விக்கிறானே, இவனை இன்னா பண்றது?" என்றார் பாண்டுரங்கன். அவருக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டு, எது எதனால் போனது என்று பார்க்கிற ஆள். அந்தப் பாட்டிலையும் அப்படியே பார்த்தார். புளிப்புக்கு ஒன்று, கொழகொழப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று. சர்க்கரை எதற்கு? மற்றதெல்லாம் மட்டமாக இருந்ததை மறைக்க.

மறுநாளே சமையலறை பட்டறையானது. முதல் தடவை எலுமிச்சைச் சாற்றில் நல்லெண்ணெயை ஊற்றிக் கலக்கினார். எண்ணெய் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம், பாகப்பிரிவினை நடந்த வீடு போல நின்றது. அடுத்த தடவை கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். தொங்கவிட்ட ஆணி கிருஷ்ணவேணியின் முருகர் படத்துக்கு உரியது. படம் கீழே வந்ததில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் பிடிபட்டது. நீர் வடிந்த தயிர் ஒரு கிண்ணம். வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு கைப்பிடி. கொத்தமல்லித் தழை, பூண்டு ஒரு பல், மிளகு, கடுகு, எலுமிச்சை அரை மூடி. எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன். இனிப்பு வேண்டும் என்று நாக்கு கெஞ்சியதால் சின்ன வெங்காயத்தை அடுப்பைச் சிம்மில் வைத்து, சிவக்கச் சிவக்க வதக்கிச் சேர்த்தார். சர்க்கரை போடாமலே ஓர் இனிப்பு வந்து எட்டிப் பார்த்தது. மிக்ஸியில் ஓட்டிக் கரண்டியால் தூக்கி ஊற்றி, காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் போல ஒரே சீராக இறங்குகிறதா என்று விரலால் பார்த்தார். இறங்கியது. பாசி படிந்த குளத்து நிறம்தான், ஆனால் ருசி அபாரம்.

ருசி அபாரமாக இருந்தும் சர்க்கரை மட்டும் இறங்க மறுத்தது. பாண்டுரங்கன் ஒரு மதியம் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வந்தபோது, கிருஷ்ணவேணி மிக்ஸிக்குள் ஒரு கட்டி வெல்லத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"வெங்காயம் கொஞ்சம் கசந்துது. அதான் துளி வெல்லம்."

"எனக்குச் சக்கரை ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"வெல்லம் எங்கங்க சக்கரை? அது இரும்புச் சத்து."

அவள் முகத்தில் கள்ளம் கபடம் ஒரு பொட்டுக்கூட இல்லை. கரும்பு விளைகிற ஊரில் பிறந்தவளிடம் வெல்லத்தைக் குறை சொல்லி யார் ஜெயிக்க முடியும்? வெல்ல டப்பாவைப் பூட்டிச் சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் இருநூற்று இருபது. அதற்கடுத்த வாரம் நூற்றுத் தொண்ணூறு. பாண்டுரங்கன் வெள்ளரிக்காயைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளை பிரவீன்குமாரின் நெருங்கிய சொந்தங்களுக்குப் பெண்ணைப் பெற்றவர்களும் நேரில் போய்த் தட்டோடு வைக்க வேண்டும் என்பது முறை. ஆபரேஷன் முடிந்தால் தூசியில் அலைய முடியாது. முன்னாலேயே முடித்தாக வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் பத்திரிகை வைத்ததே இல்லை. எந்த வீட்டிலும் வாய் நனைக்காமல் எழுந்திருக்க விடமாட்டார்கள். ஒரு வீட்டில் பாலில் கலந்த காபி, அடுத்த வீட்டில் கலர், அதற்கடுத்த வீட்டில் கேசரி. வேண்டாம் என்றால், "எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்களா?" என்று ஆரம்பித்து, பாட்டன் காலத்துச் சண்டை வரைக்கும் போகும். பத்து வீடு ஏறி இறங்கினால் பாண்டுரங்கன் பானகமாகிவிடுவார்.

அவர் ஓர் உபாயம் செய்தார். டிரஸ்ஸிங்கை ஊறுகாய் சீசாவில் நிரப்பி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். மயிலத்தில் முதல் வீடு. காபி வந்ததும், "முருகனுக்கு வேண்டுதல்ங்க, இனிப்பு தொடறதில்ல. ஒரு வெள்ளரிக்காயோ கேரட்டோ இருந்தா குடுங்க, உங்க வீட்ல வாய் நனைச்ச மாதிரி ஆச்சு" என்றார். கொடுத்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் சீசாவைத் திறந்து இரண்டு சொட்டு விட்டுத் தின்றார். முறையும் கெடவில்லை, சர்க்கரையும் ஏறவில்லை. இப்படியே இரண்டு நாளில் பதினான்கு வீடு.

கண்டாச்சிபுரத்தில் பச்சைமுத்து வீட்டில்தான் வினை பிடித்தது. அந்த வீட்டம்மா அடுப்படியிலிருந்து வந்தபோது, பாண்டுரங்கன் அவசரமாகச் சீசாவை மூடிப் பைக்குள் போட்டதை அவள் பார்த்துவிட்டாள். பச்சையாக ஏதோ குழம்பு. கேட்டால் வேண்டுதல் என்கிறார். எந்தச் சாமி பாசியை வேண்டுதலாகக் கேட்கும்? அவர்கள் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை, ஆபரேஷனுக்கு முதல் நாள், திருவெண்ணெய்நல்லூரில் கெங்கம்மாள் வீடு. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. அந்தக் குடும்பத்தில் கெங்கம்மாள் தலையசைக்காமல் ஆடுகூட ஈனாது. பத்திரிகைத் தட்டை வாங்கிக்கொண்டாள், புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரச் சொன்னாள், சொம்பு மாதிரி ஒரு டம்ளர் நிறைய வெல்லப் பாயாசத்தைக் கொண்டுவந்து பாண்டுரங்கன் முன்னால் வைத்தாள்.

"வேண்டுதல்ங்க" என்று இழுத்தார் பாண்டுரங்கன்.

"வேண்டுதல் கதையெல்லாம் கண்டாச்சிபுரத்துல இருந்து வந்துடுச்சு" என்றாள் கெங்கம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. "சீசாவை வெச்சிக்கினு வீடு வீடாப் போறீங்களாம். ஒண்ணு, நாங்க மருந்து வெச்சுடுவோம்னு பயப்படுறீங்க. இல்லாங்காட்டி நீங்க மருந்து வெக்கிறீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லிட்டுப் போங்க."

சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்கித் தன் பக்கம் இழுக்கிற அந்த மருந்தைப் பற்றித்தான் பேச்சு. படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லால் நின்றுபோன கல்யாணங்களை விரல்விட்டு எண்ணலாம், விரல்தான் போதாது. பாண்டுரங்கன் கணக்குப் போட்டார். சர்க்கரை என்று சொன்னால் பரம்பரை வியாதி. சொல்லாவிட்டால் மருந்து வைக்கிற குடும்பம். பாயாசத்தைக் குடித்தால் நாளைக்குக் கண் போச்சு.

அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, மகள் வாழ்ந்தால் போதும். டம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார். பாவி மனுஷனுக்கு அந்த நேரத்திலும் ஏலக்காய் வாசனையில் எச்சில் ஊறியது.

கிருஷ்ணவேணி டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினாள். பாதிப் பாயாசம் அவள் புடவையில்.

"அவருக்குச் சக்கரைங்க. முந்நூத்தி நாப்பது இருந்துது. நாளைக்குக் கண்ணு ஆபரேஷன். பொண்ணு முகத்தைப் பாக்கணும்னு ஒன்ர மாசமா மனுஷன் சோறு துன்னாம காயைக் கடிச்சிக்கினு இருக்கார். மருந்துமில்ல மண்ணுமில்ல. தயிரும் மல்லாட்டையும். வேணும்னா நான் மொத்தமும் குடிச்சுக் காட்றேன்." சீசாவை எடுத்துத் தரையில் வைத்தாள்.

கெங்கம்மாள் சீசாவைப் பார்த்தாள், பாண்டுரங்கனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு பாக்க உங்க வீட்டுக்கு வந்தப்போ கேசரி வெச்சீங்களே, ரெண்டு தட்டு துன்னேன். மறுநாள் நானூறு. என் தம்பி, அதான் உங்க சம்பந்தி, வேணாம்னு சொன்னா சந்தேகம் வந்துடும்னு மூணு தட்டு துன்னான். ஊசி போட்டுக்கினு இருக்கான் அவன். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களேன்னு நாங்க இல்ல பயந்துக்கினு கெடந்தோம்." மூச்சு விட்டாள். "இன்னும் எத்தினி வீடு பாக்கி?"

"ஒம்போது" என்றார் பாண்டுரங்கன்.

"பத்திரிகையை இங்க வையுங்க. அந்த வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோய் வெக்கிறேன், எவன் இன்னா கேக்கறான்னு பாக்கறேன். ஜல்தி கெளம்பி வீட்டுக்குப் போய் படுங்க. சீசா இங்கயே இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலை நூற்று எழுபத்தெட்டு.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ், "மெதுவாத் தொறங்க, எதிர்ல யாரு தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள். பாண்டுரங்கன் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் வந்தது, சுவர் வந்தது, பிறகு ஒரு முகம் வந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியோரம், வகிடு, காதோரம் எல்லாம் வெள்ளை.

"கிருஷ்ணவேணி, இன்னா இது, தலையெல்லாம் இப்பிடி நரைச்சுப் போச்சு?"

"ரெண்டு வருஷமா நரைச்சிக்கினுதான் இருக்குது. உங்களுக்குத்தான் தெரியலையே, யாருக்கோசரம் மை பூசறதுன்னு வுட்டுட்டேன்" என்றாள் அவள்.

அழக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று நர்ஸ் இருவரையும் சேர்த்தே அதட்டினாள்.